மரத்தில் இடமில்லை

மரக்காணத்துக் கடற்கரையில் நடந்தது இது, கேளுங்கள் கண்ணுங்களா. அண்ணன் தொம்மைக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு திண்டிவனம் போன அமல்ராணி, இரண்டு வருஷம் கழித்துப் புருஷனோடு அவன் வாசலில் வந்து நின்றாள். அண்ணன் "உள்ள வா" என்று சொன்னால் போதும் அவளுக்கு.

தொம்மை முகம் கொடுக்கவில்லை. விடிந்தால் கோலா மீனுக்குப் போக வேண்டும். மணலில் நின்று கட்டுமரத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு ஆளு கொறையுதாமே? நான் வர்றேன் மச்சான்" என்றான் அவள் புருஷன் இருதயநாதன்.

"யாருக்கு யாருடா மச்சான்? என் மரத்துல காலு வெச்சே, ஒடிச்சிடுவேன்!"

"மல்லாட்டை மூட்டை தூக்குற ஒடம்பு இது. துடுப்புப் போட மாட்டேனா?"

"அந்தப் பெரியதம்பிய ஏத்தினாலும் ஏத்துவேன், உன்ன ஏத்த மாட்டேன்!"

சொன்னபடியே ஆள் அனுப்பி அவனைச் சேர்த்துக்கொண்டான். பெரியதம்பி உப்பளத்து ஆள், துடுப்பே பிடித்தறியாதவன். போன திருவிழாவில் தொம்மையின் மண்டையை உடைத்தவனும் அவன்தான்.

இருதயநாதன் கொதித்துப்போய்த் திரும்பி வந்தான்.

"பையை எடுடி, பஸ்ஸுக்குப் போலாம். மண்டைய ஒடைச்சவனுக்கு எடம் இருக்குதாம், எனக்கு இல்லியாம்!"

அமல்ராணி பையை எடுத்தாள். நேராக அண்ணன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

"இன்னாடி பண்றே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"எங்க ஜனங்க ஒரே ஊட்டு ஆம்பளைங்க ரெண்டு பேர ஒரே மரத்துல ஏத்த மாட்டாங்க. ஒருத்தரக் கடல் கொண்டுபோனாலும், ஊட்டுக்கு இன்னொருத்தரு வேணுமில்ல?"