வாயே திறக்காத சர்வேயர்

"என் தங்கச்சி வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தீங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க" என்று மனைவி மறுபடியும் சொல்லிக் கொடுத்தாள்.

பல்லுக்காரர் தலையை ஆட்டினார்.

தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். ஒரு லேபில் பல் செட்டு செய்கிற வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்லைக் கட்டி, இழைத்து, டப்பாவில் போட்டு அனுப்புவார். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு மனப்பாடம். முகம்தான் ஒன்றுகூடத் தெரியாது.

போன வாரம் டெலிவரி ஆள் லீவு. "உன் கார்லயே ஒரு எட்டு கொண்டுபோய்க் குடுத்துடுப்பா" என்றார் முதலாளி. போகிற வழியில் நாய் குறுக்கே வர, காரை ஒடித்துத் திருப்பியவர் நேராக விளக்குக் கம்பத்தில் போய் மோதினார். நாய் பிழைத்தது. காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. பல் டப்பா எங்கே உருண்டதென்றே தெரியவில்லை. "பல்லு வரலைன்னு பேஷன்ட் குதிக்கிறாராம்யா" என்று முதலாளி தினமும் போனில் காய்ச்சி எடுத்தார்.

அதைவிடப் பெரிய பயம் இன்ஷூரன்ஸ். கம்பெனி வேலையாகப் போனது தெரிந்தால் சல்லிக்காசு வராது, பொய் கிளெய்ம் என்று கேஸ்கூடப் போடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கிளப்பிவிட்டுப் போயிருந்தார். ரிப்பேர் செய்ய வழியில்லை என்றால் காரை ஓரங்கட்ட வேண்டியதுதான். மாமனாருக்கு வாரா வாரம் டயாலிசிஸ் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி இறங்க அந்த உடம்பு தாங்காது. அதை நினைத்தால்தான் பல்லுக்காரருக்குத் தூக்கமே வரவில்லை.

வாசலில் பைக் வந்து நின்றது. மாஸ்க் போட்ட ஒருவர் இறங்கி, கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். இன்ஷூரன்ஸ் சர்வேயர்.

"வாங்க சார். காப்பி போடட்டுமா?" என்றாள் மனைவி.

அவர் வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். நேராகக் காருக்குப் போனார். சுற்றி வந்தார், குனிந்தார், போட்டோ எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"கத்தினாக்கூடப் பரவால்ல. இப்படிக் கம்முனு இருக்காரே" என்று பல்லுக்காரர் முணுமுணுத்தார்.

"நீங்க முழிக்கிற முழியிலயே காட்டிக் குடுத்துடுவீங்க போல. சும்மா இருங்க."

சர்வேயர் திரும்பினார். "எங்க?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து வந்தது.

"எ... என் மச்சினி வீட்டுக்கு சார். சும்மாதான். பார்த்து ரொம்ப நாளாச்சேன்னு... வேலை கீலையெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"ம்" என்றார் சர்வேயர். 

அந்த ஒற்றை 'ம்' பல்லுக்காரரின் ஈரக்குலையையே ஆட்டிவிட்டது. வேலை கீலை என்று ஏன் உளறினோம் என்று தன்னையே நொந்துகொண்டார். மனைவி கண்ணாலேயே எரித்தாள்.

சர்வேயர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். பிறகு கையை உள்ளே விட்டு, எதையோ பிடித்து இழுத்தார். எத்தனை தடவை தேடியும் பல்லுக்காரர் கையில் சிக்காத அந்த டப்பா, சீட்டுக் கம்பி இடுக்கிலிருந்து வெளியே வந்தது.

மூடி திறந்தது. உள்ளே மேல்செட்டு, கீழ்செட்டு. முன்பல் இரண்டுக்கும் நடுவே சின்னதாக ஓர் இடைவெளி. பழைய பல்லில் இருந்த மாதிரியே சந்து வேண்டும் என்று அந்தப் பேஷன்ட் அடம்பிடித்ததால், பல்லுக்காரர் மெனக்கெட்டு வைத்தது.

சர்வேயர் அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார். டப்பாவை இறுக்கிப் பிடித்தார். கோபம் தலைக்கேறிவிட்டது என்று பல்லுக்காரர் ஆடிப்போனார்.

"இது?"

"அது... அது எங்க மாமாவோட பல்லு சார். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கழண்டு விழுந்திருக்கும்."

"நறுக்" என்று ஒரு சத்தம். ஆப்பிளைக் கடித்தபடி மாமனார் வாசலுக்கு வந்தார். "என்ன மாப்ளே, என் பேரு அடிபடுது?" என்று முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார்.

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். கையும் களவுமாக மாட்டியாகிவிட்டது. இனி கிளெய்ம் இல்லை, கார் இல்லை. அடுத்த வாரம் இந்த மனிதரை எப்படிக் கூட்டிப்போவது? பல்லுக்காரர் நொறுங்கிய காரையே பார்த்தார்.

சர்வேயர் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. டப்பாவோடு தோட்டத்துக் குழாயடிக்குப் போனார். தண்ணீரைத் திறந்து பல் செட்டை அலம்பினார். ஒருவேளை சாட்சிப் பொருளாக எடுத்துப்போகப் போகிறாரோ என்று பல்லுக்காரர் நடுங்கினார்.

சர்வேயர் திரும்பி நின்று மாஸ்க்கைக் கழற்றினார். முகம் புதுசு. ஆனால் பொக்கையாக உள்ளே ஒடுங்கிப்போன அந்த வாயை, அச்சாக மேஜையில் வைத்து நாள் முழுக்கப் பார்த்தவருக்குத் தெரியாதா என்ன?

மேல்செட்டு, கீழ்செட்டு இரண்டும் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன.

"எப்பவாவது ஒரு தடவை கம்பெனி வேலையா ஓட்டினா உங்க பாலிசி தாராளமா செல்லும் சார். நீங்க 'வேலை கீலை'ன்னதுமே சொல்லியிருப்பேன், வாயில பல்லு இல்ல" என்றார் சர்வேயர், கணீரென்று. "இப்ப மறுபடியும் கேக்குறேன். எங்க போய்க்கிட்டிருந்தீங்க?"