ஹீட்டர் சந்தேகம்

“ஃபோனை இப்படிக் குடுங்க. புள்ள என்ன சாப்பிட்டான்னு கேக்கணும்.”

சைத்தூன் பீவி கையை நீட்டியபடியே நின்றாள். நசுருதீன் திரும்பக்கூட இல்லை.

“டேய் முஹ்சின், நீ சொன்ன மாதிரி ஹீட்டர் நாசிலைக் கழட்டித் துடைச்சேன்டா. இன்னும் புகையுது.”

“அப்படியா அத்தா? என்னன்னு பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன். டூட்டிக்குக் கூப்பிடறாங்க.”

ஃபோன் அடங்கியது.

“இன்னிக்கும் அதே பேச்சுதானா?” என்றாள் சைத்தூன். “புள்ள வெளிநாடு போயி மூணு வருஷமாச்சு. அவங்கிட்ட பேச உங்களுக்கு அந்த ஓட்டை ஹீட்டர்தான் கிடைச்சுதா?”

நசுருதீன் மரக்காணத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். உப்பளத்து மோட்டார்கள் மழைக்காலத்தில்தான் பழுதுக்கு வரும். அந்த ஈரத்தில் காயில் கம்பிக்குப் பூசிய வார்னிஷ் லேசில் காயாது. மூடிப்போன ஏதோ ஃபேக்டரியில் மிச்சமான மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்று காயலான் கடைக்கு வந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முஹ்சின் வேலை செய்யும் பாலைவன கேம்பிலும் குளிருக்கு இதே ஹீட்டர்தானாம்.

“மரக்காணத்துல ஹீட்டரா பாய்? அடுத்து கம்பளி யாவாரமா?” என்று தெருவே சிரித்தது.

மறுநாள் மதியம் சைத்தூன் லுஹர் தொழுது, பிள்ளைக்காக துஆ கேட்டுவிட்டு, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

ஹீட்டர் புகையே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. எதிரில் மோட்டார்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“நல்லாத்தானே எரியுது?”

நசுருதீன் தலையைக் குனிந்துகொண்டார். “வாங்கின வாரமே சரியாயிடுச்சு.”

“அப்ப தினமும் அவங்கிட்ட புகையுதுன்னு சொல்றது?”

“எப்படி இருக்கேன்னு கேட்டா ‘ம்’ங்கறான். எப்ப வர்றேன்னு நீ கேட்டா, ஃபோனையே வச்சிடறான். இதைக் கேட்டா மட்டும் பேசிக்கிட்டே இருக்கான், சைத்தூன். நடுவுல சிரிக்கக்கூட சிரிச்சான்.”

அவள் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். கிளம்பும்போது வாசலில் நின்றாள்.

“இன்னிக்கு ஹீட்டருக்குள்ள இருக்கற ஃபேன் சத்தம் போடுதுன்னு கேளுங்க.”

அந்த வெள்ளிக்கிழமை, முஹ்சினோடு ஒரே ரூமில் இருக்கும் சகாயராஜ் லீவில் வந்தான். முஹ்சின் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழப் பொட்டலத்தைக் கொடுத்தான். சைத்தூன் அதை மடியில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த ஹீட்டர் வேலையெல்லாம் எம்புள்ள எப்படித்தான் கத்துக்கிட்டானோ?”

சகாயராஜ் சிரித்துவிட்டான்.

“அவனா? மெஸ்ல ரொட்டி போடறவனுக்கு ஹீட்டரைப் பத்தி என்னம்மா தெரியும்? நீங்க கேக்கறதை மனசுல வச்சுக்கிட்டு, டூட்டி முடிஞ்சதும் மெக்கானிக் ஷெட்டுக்கு ஓடுவான். அங்கயும் அவன் தொல்லை தாங்கலை.”

“ஏன், என்ன பண்றான்?”

“மெக்கானிக் விளக்கமாச் சொல்ல ஆரம்பிச்சாலே அவரு வாயைப் பொத்திடறான். ‘இன்னிக்கு இது போதும்ணே. எல்லாத்தையும் சொல்லிட்டா, அத்தா நாளைக்கு ஃபோன் பண்ண மாட்டாரு’ங்கறான்.”