இரண்டு கையெழுத்து

"கதவைச் சாத்தித் தாழ் போடு," என்றார் முதலாளி. "ரெண்டு பேரும் முதுகோட முதுகா உட்காருங்க. யாராவது திரும்பினீங்க, கதை முடிஞ்சுது."

காவலாளி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார். நாக்கு சார் சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த பிஸ்கட் ஃபேக்டரியில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றைக் கடித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதுதான் சோறு போடுகிறது. ஒரே நாக்கை நம்பக் கூடாது என்பதற்காக இரண்டாவது கையெழுத்து ஒன்றும் உண்டு. அது இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் லேப் மேடத்தினுடையது.

"நேத்து நாப்பது பெட்டி திரும்பி வந்திருக்கு. வாயில வைக்க முடியல, அவ்வளவு உப்பு. சீட்டை எடுத்துப் பார்த்தா ரெண்டு கையெழுத்தும் ஜம்முனு இருக்கு." முதலாளி மேஜையைத் தட்டினார். "ஆளுக்கு அஞ்சு தட்டு. ஒண்ணுல அந்த உப்பு பிஸ்கட். எந்தத் தட்டுன்னு எழுதிக் குடுங்க. தப்பா எழுதுறவங்க இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

"ரெண்டு பேரும் சரியா எழுதிட்டா சார்?" என்றது மேடத்தின் குரல்.

"அப்ப தெரிஞ்சே வெளிய விட்டிருக்கீங்கன்னு அர்த்தம். ரெண்டு பேரும் போகலாம்."

நாக்கு சார் முதல் பிஸ்கட்டைக் கடித்தார். துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருந்தது. இரண்டாவதும் ஆணிதான்.

எல்லாம் நெஞ்செரிச்சலில் தொடங்கியது. குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறிவிடும். "எங்க டாக்டரைப் பாருங்க சார், ஒரே மாத்திரைல அடங்கிடும்" என்று போன மாதம் விலாசம் எழுதிக் கொடுத்ததே மேடம்தான். சொன்ன மாதிரியே எரிச்சல் அடங்கியது. ஒரு வாரத்தில் ருசியும் அடங்கிவிட்டது.

நாக்கை வழித்துப் பார்த்தார். வெந்நீரில் கொப்பளித்துப் பார்த்தார். காலை மாத்திரையை மாலைக்கு மாற்றினார். இரண்டு நாள் நிறுத்தியபோது நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டினார்கள். உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியதாயிற்று.

"இன்னைக்கு எதுலயும் உப்பே போடலைங்க," என்றாள் மனைவி ஒருநாள் ராத்திரி, அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்ததும். "பிரமாதம்னு சொல்லிட்டு எந்திரிக்கிறீங்க. டாக்டர்கிட்டயாவது சொல்லுங்க, ஃபேக்டரியிலயாவது சொல்லுங்க."

"நாக்கு போச்சுன்னு ஃபேக்டரியில சொன்னா, அப்புறம் என்னைப் பெருக்கவா வச்சுக்குவாங்க?"

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மேடத்தின் இடது புருவம். ஈடு சரியில்லை என்றால் அது சட்டென்று மேலே ஏறும்; பல வருடமாகப் பார்த்த புருவம். கடித்ததும் அதைப் பார்ப்பார், அசையவில்லை என்றால் கையெழுத்தைப் போட்டுவிடுவார். மூன்று வாரமாக அது ஒரு தடவைகூட அசையவில்லை. நம் நல்ல நேரம், எல்லாம் ஒழுங்காக வருகிறது என்று நினைத்திருந்தார்.

இப்போது எதிரே வெறும் சுவர்தான்.

மூன்றாவது தட்டு, நான்காவது, ஐந்தாவது. நிறத்தில் வித்தியாசம் இல்லை, வாசனையிலும் இல்லை. பின்னால் மெல்லும் சத்தம் நின்று, பேனா கீறும் சத்தம் கேட்டது. எத்தனையாவது தட்டில் நின்றது என்று எண்ணியிருக்கலாம். கோட்டை விட்டுவிட்டார்.

"என்ன நாக்கு, ஊற வச்சா சாப்பிடுறீங்க?" என்றார் முதலாளி.

குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைப் போடலாம். தப்பாக விழுந்தால் அவர் வேலை மட்டும் போகும். சரியாக விழுந்துவிட்டால் மேடத்துக்கும் சேர்த்து வேலை போகும். அந்த உப்பு ஈட்டில் மேடம் எப்படி ஏமாந்தார் என்பது மட்டும் நாக்கு சாருக்குப் பிடிபடவில்லை. பெரியவர் போட்டுவிட்டாரே என்று நம்பிப் போட்டிருப்பார், பாவம்.

பேனாவை எடுத்தார். எண் போடவில்லை. நடந்ததை நடந்தபடி மூன்று வரியில் எழுதி மடித்துக் கொடுத்தார்.

முதலாளி ஒரு சீட்டைப் பிரித்தார். அடுத்ததையும் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

பிறகு ஒரு சீட்டை உயர்த்திப் பிடித்து உரக்க வாசித்தார். "ருசி தெரியவில்லை. நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்."

நாக்கு சார் எழுந்தார். சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மன்னிச்சிடுங்க முதலாளி. மேடத்தை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் கிளம்புறேன்."

முதலாளி அவரையும் பார்த்தார், தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மேடத்தையும் பார்த்தார்.

"உட்காருங்க நாக்கு. இது மேடம் எழுதின சீட்டு."