எந்த சீட்?

விமானம் விழுந்ததற்கான காரணத்தை இன்று சொல்லிவிடுவார்கள் என்று விமானக் கம்பெனி ஆபீஸ் கூடத்தில் இறந்தவர்களின் குடும்பத்தார் எல்லோரும் காத்திருந்தார்கள். மாதக்கணக்காக வந்து பழகியதில், தாங்கள் பறிகொடுத்தவர்களின் சீட் நம்பரே அவர்களுக்குப் பெயராகிவிட்டது.

மூலையில் தனியாக உட்காருபவள் மட்டும் நம்பரைச் சொன்னதில்லை. புருஷன் போய்விட்டார் என்பதோடு சரி.

மகனை இழந்த ஏழாம் நம்பர் அம்மா, வழக்கம்போல் தன் காப்பியில் பாதியை அவளுக்கு ஊற்றினாள்.

"குடிம்மா. வீட்ல பேசக்கூட ஆளில்லைன்னியே. எல்லாம் அந்தப் பைலட்டால வந்தது. பாவி, தூங்கி வழிஞ்சிருப்பான்! அவன் குடும்பம் உருப்படுமா?"

அவள் தலை நிமிராமல் குடித்தாள்.

அதிகாரி வந்தார்.

"பறக்கும்போதே இன்ஜின் விசிறி முறிஞ்சு இறக்கையைக் கிழிச்சிருக்கு. பைலட் மேல எந்தத் தப்பும் இல்லை. கடைசி வரைக்கும் போராடியிருக்கார்."

"ஐயோ, வாய்க்கு வந்தபடி திட்டினேனே!" என்றாள் அம்மா.

மூலையில் இருந்தவள் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். அம்மா ஓடிவந்து அணைத்துக்கொண்டாள்.

"அழுது தீர்த்துடும்மா. இப்பவாவது சொல்லு, உன் வீட்டுக்காரர் எந்த சீட்?"

"அவர் உக்காந்திருந்த சீட்டுக்கு நம்பர் கிடையாதும்மா."