ஈர மஞ்சள்

கிட்ட வந்திருங்கோ, ஹவுகெட்டோ என்ற ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

காட்டில் பழம் பறித்த உதயகுமாரியை முழங்காலில் உண்ணி கடித்தது. அவள் மஞ்சள் குழைத்துப் பூசினாள். கால் மரத்துப்போனது. டொக்டரிடம் போனாள்; இரத்தப் பரிசோதனையில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

"மஞ்சளைக் கழுவிவிட்டு வாருங்கள். கடித்த இடத்தில் சிவப்பு வளையம் தெரிந்தால் உண்ணியால் வரும் லைம் நோய் என்று மருந்து தொடங்கலாம்," என்றார் டொக்டர்.

கழுவினாள். மறுமுறை போகும் நாள் காலையில் முழங்காலில் திரும்பவும் மஞ்சள் ஈரமாயிருந்தது.

"திரும்பவும் பூசினனீரே?" என்றான் கணவன் குகநேசன்.

"இல்லையப்பா. வீட்டில இருந்த மஞ்சளை நீங்கள்தானே குப்பையில போட்டனீங்கள்."

கிளினிக் குழாயடியில் அவனே தேய்த்துக் கழுவினான். டொக்டர் கூப்பிட்டார். அவள் கட்டிலில் ஏறிக் காற்சட்டையைச் சுருட்டினாள். முழங்கால் நிறையத் திரும்பவும் ஈர மஞ்சள், அதில் யாரோ மூன்று விரல்களால் இழுத்த தடம்.

அந்த விரல்கள் தொட்டதை மரத்துப்போன காலில் அவள் உணரவேயில்லை.

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்கட்டும், கண்ணுகளே.