இரண்டாம் பாடம்

ஆலயத்தின் முன்னால், மைக் அருகே நின்று அவள் கணவன் வாசித்துக்கொண்டிருந்தான்.

தாளை இடது கையால் திருப்பினான். வலது சட்டைக்கை மடித்து ஊக்கு குத்தப்பட்டிருந்தது. காலையில் அவள் குத்திவிட்டது.

பெண்கள் பக்கம், நான்காவது பெஞ்சில் அவள் இருந்தாள்.

அந்த வாரத்து வேதவாசிப்பில் இரண்டாம் பாடம் கையைப் பற்றியது. வலது கை ஒருவனைப் பாவத்தில் தள்ளினால் அதை அவன் வெட்டி எறிந்துவிட வேண்டும் என்று வரும் பகுதி.

சனிக்கிழமையே போதகர் போன் செய்து, வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்.

"பட்டியல்ல என் பேர்தானங்கய்யா இருக்கு. நானே வாசிக்கிறேன்" என்றான் தனசிங்.

அந்த வரி வந்தது.

பலர் மடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் குரல் தடுமாறவில்லை. வாசித்து முடித்து, இறங்கி, தன் இடத்துக்குப் போனான்.

பதினான்கு மாதங்களுக்கு முன், சிவகாசியில் அவன் வேலை பார்த்த அச்சகத்தில், காகிதம் வெட்டும் மெஷின் அந்தக் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டது.

சபையே ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதது. அவளும் அழுதாள்.

ஆனால், கையைக் காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டர் சொன்ன நிமிடம், அவளுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. பன்னிரண்டு வருடமாக இறுகிக் கிடந்தது.

இனி அடி விழாது.

அப்படி நினைத்ததற்கே பயந்துபோனாள். ஏனென்றால், அந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று இதே ஆலயத்தில் முழங்காலிட்டு அவள் ஒருமுறை கேட்டிருந்தாள். ஒரே ஒருமுறை. யாருக்கும் தெரியாது.

வேதத்தில் எழுதியிருப்பது எழுத்துக்கு எழுத்து நடக்கும் என்று அன்று நம்பினாள்.

அந்தப் பயத்திலேயே அவனைப் பார்த்துக்கொண்டாள். சோறு பிசைந்து ஊட்டினாள். பிறகு இடது கையில் கரண்டி பிடிக்கப் பழக்கினாள். பொத்தான் போட. ஷேவ் செய்ய. மகளின் இரட்டைக்கோடு நோட்டில், அவன் கையைத் தன் கையால் பிடித்து, எழுத.

ஐந்தாம் மாதம் அவன் பாங்க்கில் இடது கையால் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து இருவரும் சிரித்தார்கள். கரும்புச்சாறு குடித்தார்கள்.

ஏழாம் மாதம், குழம்பில் உப்பு கூடிப்போன ஒரு மத்தியானம், அந்தக் கை அதையும் பழகிக்கொண்டது.

முன்பெல்லாம் இடது கன்னத்தில் விழும். இப்போது வலது பக்கம். குறி இன்னும் சரியாக வரவில்லை. காதில் விழுந்தது.

போதகர் பிரசங்கத்துக்கு ஏறினார். இளவயதுக்காரர். இந்தச் சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தனசிங்கை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார்.

அவள் இடது காதை முன்னால் திருப்பிக்கொண்டாள்.

"இத எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கக் கூடாது. அடையாளமாச் சொன்னது இது. பாவம் கையிலயா இருக்கு? கைய வெட்டிட்டா போயிருமா? மனுசன் அப்படியேதான இருப்பான்? நம்ம தனசிங் அண்ணனுக்கு நடந்தது விபத்து. அத யாரும் தண்டனைன்னு நெனச்சிராதீங்க."

பலர் தலையாட்டினார்கள். தனசிங் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பின் பெஞ்சிலிருந்து ஒரு கை அவள் தோளைத் தடவிக்கொடுத்தது.

அப்படியென்றால் எதை வெட்டச் சொன்னது?

போதகர் அதையும் சொன்னார்.

"எத விடவே முடியாதுன்னு புடிச்சிட்டு இருக்கீங்களோ, அத விடணும். அதுதான் வெட்டுறது."

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் அவள் மனதில் ஏறவில்லை.

ஆராதனை முடிந்தது. வாசலில் ஆண்கள் தனசிங்கைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவராக அவன் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

போதகர் அவள் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார்.

"இந்தப் பக்கமா வந்து சொல்லுங்கய்யா. அந்தக் காது கேக்காது."

"எப்ப இருந்தும்மா?"

"ஏழு மாசமா."

"ஏன், என்னாச்சு?"

அவள் ஆண்கள் கூட்டத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதாங்கய்யா. கையில இல்ல."

போதகர் அவளைப் பார்த்தார். பிறகு, இன்னும் யாரோ குலுக்கிக்கொண்டிருந்த அந்த இடது கையைப் பார்த்தார்.

பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளி முடிந்து மகள் ஓடி வந்தாள். அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள்.

"அவர நீங்க வீட்டுல விட்டுருங்கய்யா."

"சரிம்மா" என்றார் போதகர். "நீங்க போங்க."

ஆலயத்துக்கு வெளியே இடப்பக்கம் திரும்பினால் அவர்கள் தெரு. அவள் வலப்பக்கம் திரும்பி, சாத்தூர் ரோட்டைப் பிடித்தாள். அங்கேதான் அவள் அண்ணன் வீடு.

"மாமா வீட்டுக்காம்மா?"

"ஆமா."

"எப்ப திரும்பி வருவோம்?"

இன்னும் இருபது கிலோமீட்டர் இருந்தது. பதில் சொல்ல அவள் அவசரப்படவில்லை.