சடையன் போட்ட கேம்பு

ஏய், பேச்ச நிறுத்திட்டு உக்காருங்கப்பா. அங்க என்ன குசுகுசு? கேளுங்க.

பஸ் ஸ்டாண்டுல சடையன்னு ஒரு குரங்கு. "புள்ளைங்களுக்கு இயற்கையக் காட்டணும்டி"ன்னு பொண்டாட்டியையும் ரெண்டு குட்டியையும் இழுத்துக்கிட்டுக் காட்டுக்குக் கெளம்பிருச்சு. பொண்டாட்டி செவ்வந்தி ஒரு மூட்டை முறுக்கும் சிப்ஸும் கட்டுச்சு.

"காட்டுக்குப் போயி முறுக்கா? கெடைக்கிறதத் திங்கிறதுதாண்டி கேம்பு!"ன்னு சடையன் மூட்டையச் சாக்கடையில வீசிருச்சு.

காட்டுல ஒரு கிழிஞ்ச பிளெக்ஸ் பேனரக் கூடாரமாக் கட்டுனாங்க. மத்தியானம் எல்லாத்துக்கும் வயிறு காந்துது. மரத்துல பலாப்பழம் தொங்குது. சடையன் அதச் சுத்திச் சுத்தித் தடவுது.

"என்னங்க தேடுறீங்க?"

"கவர எங்க பிரிக்கிறதுன்னு பாக்குறேன்."

மூத்த குட்டி ஓன்னு அழுதுச்சு. "அப்பா, பசிக்குதுப்பா!"

சடையன் நெஞ்ச நிமித்துச்சு. "பசிக்கட்டும்டா, அதான் அனுபவம்! உங்க தாத்தா இந்தக் காட்டுலதான் பொறந்து வளந்தாரு, தெரியுமா?"

காலையிலேருந்து வாயே தெறக்காத சின்னக் குட்டி கேட்டுச்சு: "அப்புறம் அவரு எதுக்குப்பா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியாந்தாரு?"